கண்ணயர்ந்த பொழுதில் சொன்னது

மரகதவல்லி கண்ணைத் திறந்தபோது அவள் கையில் பாதி நறுக்கிய அவரைக்காய் இருந்தது. எதிரே, சமையலறைத் தரையில் அவளைப் போலவே காலை மடக்கி உட்கார்ந்திருந்த மகள் பொற்கொடியின் வாய் அப்போதுதான் மூடிக்கொண்டது. எதையோ சொல்லி முடித்துவிட்ட வாய். இனி நீ சொல் என்று காத்திருக்கிற வாய். தூங்கிவிட்டோம். பெற்ற பெண் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்த வாக்கிலேயே, கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டோம். எவ்வளவு நேரம் என்றுதான் தெரியவில்லை. முறத்தில் நறுக்கிய காய் ஒரு குவியலாகவும் நறுக்காதது ஒரு குவியலாகவும் கிடந்தன. அவற்றைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை, ஏனெனில் தூக்கத்திலும் அவள் கை நறுக்கியிருக்கக்கூடும். அந்தக் கைக்கு அவளுடைய துணை தேவைப்படாமல் போய் வெகுகாலமாகிறது.

"அப்பாவை எழுப்பும்மா," என்றாள் பொற்கொடி, மூச்சை மட்டும் செலவழித்து, குரலைச் செலவழிக்காமல். "உன் மாப்பிள்ளை சாயங்காலம் வந்துடுவார். வண்டியை நிறுத்திட்டு உள்ளே வந்து உட்கார்ந்துட்டார்னா அப்புறம் யாராலேயும் எதுவும் பேச முடியாது. நான் திரும்பிப் போகமாட்டேன்னு அதுக்கு முன்னாடி அப்பாவுக்குத் தெரியணும்."

போகமாட்டேன் என்பது புரிந்தது. ஏன் போகமாட்டாள் என்பதுதான் தூக்கத்தோடு போய்விட்டது. பொன்னேரியில் வாழ்க்கைப்பட்டவள், அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மீஞ்சூருக்கு வந்திருக்கிறாள். இன்று மாலை அவள் கணவன் மணிமாறன் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. இதில் குழப்பமில்லை. முறத்தோடு உட்கார்ந்தபோது மகள் வந்து எதிரே உட்கார்ந்ததும், அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று தொடங்கியதும் தெளிவாகவே நினைவிருக்கின்றன. அந்தத் தொடக்கத்தைக் கேட்டவுடன் தன் இமைகளுக்குள் யாரோ ஈர மணலைக் கொட்டியதுபோல் கனத்ததும் நினைவிருக்கிறது. அதற்கு அப்பால் வந்தவற்றை எப்படிப் பிரிப்பது? அரிசியும் கல்லும் என்றால் பொறுக்கிவிடலாம். குளியலறைக் கதவு என்று ஒன்று வந்தது, உள்தாழ்ப்பாள் பிடுங்கப்பட்ட கதவு. பெல்ட் என்று ஒன்று வந்தது. மாமியார் எழுந்துபோய் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள் என்று ஒன்று வந்தது. ஒரு பசுமாடும் வந்தது. ரேஷன் கடைப் படியில் ஏறி நின்றுகொண்டு மரகதத்திடம் கைரேகை வைக்கச் சொன்னது. மாடு நிச்சயமாகக் கனவு. பொற்கொடி மாட்டைப் பற்றிப் பேசியிருக்க மாட்டாள். ஆனால் மாடு கனவு என்றால் மாட்டுக்குப் பக்கத்தில் நின்ற மாமியாரும் கனவாகத்தானே இருக்க வேண்டும்? மாமியார் கனவு என்றால் பெல்ட்? இரண்டும் ஒரே வரிசையில் நின்றன. ஒன்றை மட்டும் உண்மை என்று கையைப் பிடித்து வெளியே இழுக்க எந்த நியாயமும் இல்லை. விழித்திருந்து அதைக் கேட்டிருந்தால் கத்தி கையிலேயே இருந்திருக்குமா? எந்தத் தாயாவது பெல்ட் என்ற சொல்லைக் கேட்டபின் அவரைக்காய் நார் கிழிப்பாளா? ஆகவே அது கனவு. ஆகவே அது கனவாக இருக்கட்டும். இந்த இரண்டாவது வாக்கியம் மனத்தில் ஓடியதும் மரகதம் தன்னைத்தானே வெறுத்தாள். முதல் வாக்கியம் யோசனை, இரண்டாவது ஆசை. ஆசையை யோசனை என்று சொல்லித் தள்ளிவிடுவதில் அவளுக்குப் பல வருடப் பழக்கம் இருந்தது.

சந்தேகத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. இருபது வருடங்களாக அவள் சீரியல் பார்த்தது ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டுத்தான். பகலில் கணவர் தணிகாசலம் தூங்குவார். தூங்குகிற மனிதரின் வீட்டில் டி.வி. பேசக் கூடாது, ஓடலாம். ஓடுகிற படத்தில் வாய்கள் அசையும். அந்த வாய்களுக்கு வேண்டிய வசனத்தை மரகதமே எழுதிக்கொள்வாள். முன்பு அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, ஒருமுறை பக்கத்து வீட்டு ஃபிலோமினா வீட்டில் அதே தொடரைச் சத்தத்தோடு பார்க்க நேர்ந்தபோது, தான் ஒன்றரை வருடமாகச் சதிகாரி என்று சபித்துக்கொண்டிருந்தவள்தான் அந்தக் குடும்பத்துக்கே விளக்கு என்று தெரிந்தது. ஃபிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் புருஷனைப் பத்தியும் இப்படித்தான் நீயா கதை எழுதி வச்சிருப்பே என்றாள். அப்போது சிரித்துவிட்டு வந்த அந்தப் பேச்சு இப்போது திரும்பி வந்து முறத்துக்கு அருகில் உட்கார்ந்துகொண்டது. அசையும் வாய்க்கு வசனம் எழுதும் பெண் அவள். எதிரே மகளின் வாய் அசைந்தது, குரல் வெளியே வரவில்லை, ஏனென்றால் இந்த வீட்டில் குரல் வெளியே வருவதில்லை. அப்படியானால் பெல்ட்டை எழுதியது யார்?

மறுபடி சொல் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேட்பதற்கென்ன? கேட்கலாம். ஆனால் நான் தூங்கிவிட்டேன் என்ற ஒன்றை அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். வந்த நாள் முதல் பொற்கொடி சொல்வதற்கு இடம் தேடிக்கொண்டிருந்ததை மரகதம் பார்த்திருந்தாள். கொடியில் துணி காயப்போடும்போது வந்து நின்றாள், பூ கட்டும்போது வந்து நின்றாள், ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனாள். அப்படித் தேடித் தேடிக் கண்டுபிடித்த இடத்தில் கேட்பவள் குறட்டை விட்டாள் என்று தெரிந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்? குறட்டை விட்டோமா? பஜார் தெரு டாக்டர் போன மாதம் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். மரகதம் நேர்மையாகப் பதில் சொல்ல முயன்று, காலை ஷிப்ட் என்றால் இப்படி, நைட் ஷிப்ட் என்றால் அப்படி என்று தொடங்கினாள். நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றார் டாக்டர். வேலை பார்த்தது நானல்ல, அவர். அவரும் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது என்றாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் பார்க்காமல் சீக்கிரம் படுங்கள் என்று சொல்லி அடுத்த ஆளை அழைத்தார். மனதை லேசாக வைத்துக்கொள்வதாம். மனது என்ன, மேலடுக்கில் வைக்கிற பித்தளைக் குடமா, இறக்கி வைப்பதற்கு?

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு அப்பால் மின்விசிறி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பார்த்தவர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட், அதற்கேற்ப வாரத்துக்கு ஒரு தூக்கம். ஓய்வு பெற்ற பிறகு இனி எல்லோரையும்போல் இரவில் தூங்குவார் என்று நினைத்தால், அவருடைய உடம்பு கடைசி வார நைட் ஷிப்ட்டிலேயே நின்றுவிட்டது. காலைப் பலகாரம் முடிந்ததும் படுப்பார், மாலையில் எழுவார். அவர் தூங்காத இரவுகளில் மரகதமும் தூங்குவதில்லை, அவர் தூங்கும் பகல்களில் அவள் காவல். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் நிதானமாக உட்கார வைத்துச் சொன்னார், பாய்லர் முன்னாடி ஒருத்தன் கண்ணை மூடினா பத்துப் பேர் ஒரேயடியா கண்ணை மூட வேண்டியதுதான் என்று. கோபமாகச் சொல்லவில்லை. சோறு கொஞ்சம் குழைவாக இருக்கட்டும் என்பதைப்போல்தான் சொன்னார். பத்தொன்பது வயதுப் பெண் அந்தப் பத்துப் பேரையும் அப்படியே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அன்று முதல் அந்தப் பத்துப் பேரின் உயிரும் அவளுடைய கரண்டியில் இருந்தது. குக்கர் ஊதுவதற்குச் சற்று முன்பே வெயிட்டைக் கரண்டியால் நெம்பி ஆவியை விடுவாள். தேங்காய் அரைக்க மிக்ஸியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஃபிலோமினா வீட்டுக்குப் போவாள். அழைப்பு மணியின் வயரை அறுத்துவிட்டாள். கீரைக்காரி இவர்கள் கட்டடத்தை நெருங்கும்போது கூவுவதை நிறுத்திக்கொண்டு, தாண்டிய பிறகு கூவுவாள். இப்போது இந்தச் சொந்த வீட்டுக்கு நாற்பதடி தள்ளி ரயில் போகிறது, ரயில்வே கேட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. அவர் புரண்டுகூடப் படுப்பதில்லை. ஆனாலும் மரகதம் இன்னும் டம்ளரைத் துணியின் மேல்தான் கவிழ்க்கிறாள்.

சண்டைக்கும் ஷிப்ட் பார்க்க வேண்டியிருந்தது என்பதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? திங்கட்கிழமை வந்த கோபத்தை, அவர் நைட் ஷிப்ட்டில் இருந்தால், அடுத்த வாரம் காலை ஷிப்ட் வரும்வரை கெடாமல் வைத்திருக்க வேண்டும். கோபம் ஊறுகாய் அல்ல. எடுத்துப் பார்க்கும்போது நீர்த்துப் போயிருக்கும். எதற்காக வந்தது என்பதே மறந்திருக்கும். அவரும் என்ன விஷயம் என்று கேட்பார், ஒன்றுமில்லை என்பாள், அதுவும் உண்மையாகவே இருக்கும். நாளடைவில் அவள் உடம்பு ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தது. கோபம் வந்தால், துக்கம் வந்தால், அவமானமாக யாராவது ஏதாவது சொல்லிவிட்டால், கொட்டாவி வரும். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் முந்தானையை விரித்துப் படுத்தால் அடுத்த நொடி தூக்கம். எழுந்தால் எதுவும் இருக்காது. அந்தத் தூக்கம் ஓய்வல்ல, பரண். வேண்டாததையெல்லாம் ஏற்றி வைக்கிற பரண். ஏற்றியதைத் திரும்ப இறக்கிப் பார்த்ததேயில்லை. மரகதத்துக்கு நல்ல மனசு, படுத்தால் தூக்கம் வருகிறது என்று உறவினர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை அவளும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டாள். இன்று மகள் வாயைத் திறந்தவுடன் வந்த தூக்கம் அசதியால் வந்ததா, அல்லது அந்தப் பழைய தூக்கமா? பழைய தூக்கமென்றால், தூங்கும்படியாக அவள் எதையோ கேட்டிருக்கிறாள். கேட்டதனால்தான் தூங்கியிருக்கிறாள். அப்படியானால் தூக்கமே சாட்சி. இல்லை, இது சுற்றி வளைக்கிற வாதம். நேற்றும் தூங்கவில்லை, முந்தாநாளும் தூங்கவில்லை, கண் அசந்துவிட்டது, அவ்வளவுதான். எது அவ்வளவுதான்?

மரகதத்தின் அப்பா இறந்த அன்றும் இதே போன்ற ஒரு பகல். திண்டிவனத்திலிருந்து சித்தப்பா ஃபிலோமினா வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னார். தணிகாசலம் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். மரகதம் வீட்டுக்கு வந்து, குழந்தைகளின் துணியை ஒரு பையில் அடுக்கி, கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். எழுப்பவில்லை. தனியாகப் பேருந்து ஏறிப் போகவும் இல்லை, ஏனென்றால் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கிளம்பும் மனைவியை அவர் எழுந்ததும் எங்கே தேடுவார்? அவர் எழுந்து முகம் கழுவி வந்தபின் சொன்னாள். போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் பேருந்தில் தணிகாசலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, என்னை எழுப்பியிருக்கலாமே என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனையோ வருடங்களாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். அது கடிந்துகொண்டதா, இரங்கியதா, அல்லது வெறும் தகவலா? எழுப்பியிருக்கலாம் என்றால் எப்போதும் எழுப்பியிருக்கலாமா? கூடாது என்று அவர் சொன்னாரா, அல்லது அவர் சொன்னதற்குமேல் நான்கு விரற்கடை சேர்த்து அவளே சட்டமாக எழுதிக்கொண்டாளா? அசையும் வாய்க்கு வசனம் எழுதுபவள், தூங்குகிற மனிதருக்கும் எழுதியிருப்பாள். அவளே எழுதிய சட்டம் என்றால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதற்கு அவளேதான் காரணம் என்றாகிறது. இந்த இடத்துக்கு வந்ததும் கொட்டாவி வந்தது. மரகதம் பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டியது, கொட்டாவியால்தான்.

"என்னம்மா?" என்றாள் பொற்கொடி.

ஒன்றுமில்லை என்று மரகதம் தலையசைத்தாள். பொற்கொடியும் அழுதுகொண்டிருந்தாள். அது அழுகை என்று தெரிந்துகொள்ள அம்மாவாக இருக்க வேண்டும். தோள் குலுங்கவில்லை, மூக்கு உறிஞ்சவில்லை, முகம் கோணவில்லை, கண்ணிலிருந்து மட்டும் நீர் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. பழுதாகிப்போன குழாயைப்போல. ஐந்து வயதிருக்கும், பீரோ கதவில் இவளுடைய விரல் நசுங்கியது. நகம் கறுத்து இரத்தம் கட்டியது. மரகதம் ஓடிவந்து பார்த்தபோது குழந்தையின் வாய் முழுக்கத் திறந்திருந்தது, உள்நாக்கு தெரிந்தது, ஒலி இல்லை. ஒலி வந்துவிடப் போகிறதே என்று மரகதம் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். பொத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என் தங்கம், என் கண்ணு, அப்பா எழுந்துக்கவே இல்லை பாரு, எவ்வளவு சமர்த்து என்று கொஞ்சி, வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்தாள். விரலுக்கு மருந்து போட்டது அதற்குப் பிறகுதான். இந்தப் பெருமையை அவள் ஊரெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொன்னாள், எங்க பொண்ணு வீட்டுல இருக்கறதே தெரியாது என்று. மணிமாறனின் தாய் அதைக் கேட்டு முகம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியின் பொருள் என்ன என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. தட்டு மாற்றுகிற அவசரத்தில் யார் யோசிப்பார்கள்?

போன மாதம் பொற்கொடி ஒருமுறை வந்து, அங்கே இருக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் எதுவும் வாயிலிருந்து வரவில்லை. பெரியவர்கள் அதற்குச் சின்ன மனஸ்தாபம் என்று பெயர் வைத்தார்கள். மணிமாறனின் தாய்மாமன் வந்தார், கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார், நியாயஸ்தர் என்று பெயரெடுத்தவர். நாங்கள் எதையும் மறைப்பவர்கள் அல்ல, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். தணிகாசலம் பொன்னேரிக்குப் போய் விசாரித்தார். மாடியில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும், ஒருநாள்கூட இந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டதில்லை சார், பொண்ணு இருக்கிற இடமே தெரியாது, டி.வி. சத்தம்தான் சில நாள் கொஞ்சம் ஜாஸ்தி என்றார்கள். தணிகாசலம் திருப்தியோடு திரும்பி வந்து இதை அப்படியே சொன்னார். அடி உதை என்றால் ஒரு கூச்சலாவது கேட்டிருக்காதா என்று தாய்மாமன் கேட்டதையும் சொன்னார். அதைக் கேட்டபோது மரகதத்துக்குள் என்ன எழுந்தது? இப்போது அதைத் தொட்டுப் பார்க்கவே கை கூசியது. பெருமை எழுந்தது. என் வளர்ப்பு என்ற பெருமை. இந்த வீட்டுப் பெண்ணின் குரலை அயலான் கேட்டதில்லை என்ற கேடுகெட்ட பெருமை. பொற்கொடி மறுநாளே திருப்பி அனுப்பப்பட்டாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

டி.வி. சத்தம்தான் சில நாள் கொஞ்சம் ஜாஸ்தி. வாத்தியார் சொல்லி, கணவர் சொல்லி, தான் விழித்திருந்து காதால் கேட்ட வாக்கியம் அது. அது கனவில் வந்ததல்ல. அப்படியானால் மாமியார் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டியதும்? அல்லது அந்த வாக்கியத்தைத்தான் மனம் எடுத்துக் கனவுக்குள் மாமியாராக வேஷம் போட்டு அனுப்பியதா? ஒரு முனை கிடைத்ததும் மறுமுனை நழுவியது. மரகதம் மகளின் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், இரவிக்கையின் கை எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். முழங்கைவரை இறங்கியிருந்தது. இந்தப் புழுக்கத்தில். ஆனால் இப்போது எல்லாப் பெண்களும் முழங்கைவரைதான் தைத்துக்கொள்கிறார்கள், அது ஃபேஷன். ஃபேஷன்தானே? அந்தத் துணியைச் சற்று மேலே தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலை நீட்ட முடியாமல் அவள் அவரைக்காயைப் பார்த்தாள்.

ரயில்வே கேட் மூடுகிற மணி அடித்தது. பொற்கொடி எழுந்தாள். கழன்ற சங்கிலியைத் திரும்ப மாட்டுவதைப்போல் மூக்கைத் துடைத்து, முடியைக் கோதி, கூடத்துக்குப் போய், கொடியில் காய்ந்த புடவைகளை எடுத்து மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். போகமாட்டேன் என்றவள் எதற்காக மடிக்கிறாள்? ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் நீவி, ஒவ்வொன்றாக. அப்பாவை எழுப்பு என்று அவள் இரண்டாவது தடவை கேட்க மாட்டாள். இந்த வீட்டில் எதையும் யாரும் இருமுறை கேட்பதில்லை. ஒருமுறை கேட்டு, பதில் வராவிட்டால், அதுவே பதில். மரகதம் உள்ளறைக் கதவுக்கும் மகளின் துணிப்பைக்கும் இடையில் பார்வையை ஓட்டினாள். பெல்ட் உண்மை என்றால் அந்தப் பை இன்று பொன்னேரிக்குப் போகக் கூடாது. பெல்ட் பொய் என்றால், ஒரு நல்ல மனிதனைப் பற்றி, கனவில் மாட்டோடு சேர்ந்து வந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, தூங்குகிற தகப்பனிடம் சொல்லி, ஒரு குடும்பத்தை உடைத்தவளாவாள். உண்மையா பொய்யா என்று உறுதியாகத் தெரிந்த பிறகு எழுப்பலாம். உறுதியாகத் தெரிந்த பிறகு. இப்படித்தான் அன்றும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தாமாக எழுந்துவிடுவார் என்று. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று திரும்பியது. இந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள் எத்தனையோ வரும். பொற்கொடியின் கை மட்டும் மடிப்பில் நின்றுவிட்டது. வண்டியின் சத்தத்தைக் கேட்டவுடன் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டாள், தன்மேல் கல் விழப்போவதைக் கண்ட நாய்க்குட்டியைப்போல. தூக்கியதை அவளே அறியவில்லை.

மரகதம் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. உள்ளறைக் கதவைத் தள்ளியபோது இருட்டும் தைல வாசனையும் முகத்தில் மோதின. தணிகாசலம் சுவரைப் பார்த்துத் திரும்பி, கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எப்படி எழுப்புவது? வேடிக்கைதான், முப்பது வருடத்துக்குமேல் கூடவே வாழ்ந்த மனிதரை எப்படி எழுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கே தொட வேண்டும்? காலைத் தொட்டால் செத்தவரைத் தொடுவதுபோல் இருக்கும். என்னங்க என்றால் போதுமா? தூக்கிவாரிப்போட்டு எழுபவரா, மெதுவாகக் கண் திறப்பவரா, திட்டுபவரா? மற்ற மனைவிமார்களுக்கெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிற சங்கதி. வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. ஸ்டாண்டைத் தள்ளும் ஓசை கேட்டது. மரகதம் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். தொடுவதற்குப் பதிலாக உலுக்கியே விட்டாள். அவர் உடனே எழுந்து உட்கார்ந்தார், இருட்டில் சட்டைக்காகக் கையை வீசித் தேடினார்.

"வண்டி வந்துடுச்சா? எந்த ஷிப்ட்டு?"

"நம்ம பொண்ணை அவன் அடிக்கிறான்," என்றாள் மரகதம்.

சொன்ன பிறகுதான் தான் அதைச் சொல்லிவிட்டது தெரிந்தது. உறுதியாகத் தெரியாமலே சொன்னாள். கனவாக இருக்கலாம் என்ற எண்ணத்தையும் வாயில் வைத்துக்கொண்டேதான் சொன்னாள். குரல் அவளுடையதாக இல்லை. சந்தையில் யாரோ கூப்பிட்டதைப்போல் கனத்து, கரடுமுரடாக, அறையின் நான்கு மூலைக்கும் போய் வந்தது. தணிகாசலம் அவளைப் பார்த்தார். பார்த்தாரா, அல்லது இன்னும் தூக்கத்தில்தான் இருந்தாரா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. எவ்வளவு நாளாக நடக்கிறது என்று கேட்டார். அதற்கான பதில் மரகதத்தின் தூக்கத்துக்குள் இருந்தது. அவள் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். பொற்கொடி நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றாள். அப்பா படுத்திருக்கும் அறைக்குள் பிள்ளைகள் கால் வைப்பதில்லை. மரகதம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"முதல்லேருந்து சொல்லு," என்றாள். "நான் நடுவுல தூங்கிட்டேன்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"நீ கண்ணை மூடினப்புறம்தான் அந்த விஷயத்துக்கே வந்தேன். நீ பார்த்துட்டிருந்தா எனக்கு வாய் வராது."

மரகதத்துக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கொட்டாவி வரவில்லை. எது யார்மீது வந்த கோபம் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. வாசலில் இரும்பு கேட்டின் கொண்டி அசைந்தது. மணிமாறன் அத்தே என்று கூப்பிட்டான், நல்ல குரல், பண்பான குரல். பொற்கொடி கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள், அவள் எப்போதும் பேசுகிற அந்த மூச்சுக் குரலில். குளியலறைக் கதவிலிருந்து தொடங்கினாள். தணிகாசலம் முன்னால் குனிந்தார். இன்னும் குனிந்தார். கையைக் குவித்துக் காதின் பின்னால் வைத்துக்கொண்டார். மரகதம் அந்தக் கையைப் பார்த்தாள். கொதிகலனின் இரைச்சலில் இத்தனை வருடம் நின்ற காது. இது எப்போதிலிருந்து? நேற்றிலிருந்தா, போன வருடத்திலிருந்தா, டம்ளரைத் துணிமேல் கவிழ்த்த வருடங்களிலா, வெல்லம் கொடுத்த அன்றேவா? யாருக்குக் கேட்காமல் இருக்க யார் வாயை அடக்கிக்கொண்டிருந்தார்கள்? அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"கேக்கலைம்மா," என்றார் தணிகாசலம். "சத்தமாச் சொல்லு."

பொற்கொடி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். வாசலில் திறந்துகொண்டிருந்த இரும்பு கேட் பாதியில் நின்றது.